தமிழகச் சட்டமன்றத் தேர்தல் எண்களைக் கொண்டு ஒரு கட்சியின் வலிமையை அளக்க முடியுமா?

கேள்வி: வைகைக்கரை மாணவி

அனைவருக்கும் வணக்கம். முதுகலை அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 1977 முதல் 2021 வரை தமிழகத்தில் நடந்த 11 சட்டமன்றத் தேர்தல்களின் முடிவுகளைத் தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகளிலிருந்து எடுத்து எக்செல் தாளில் தொகுத்து வைத்திருக்கிறேன். கட்சிகளின் வலிமை எப்படி ஏறி இறங்கியது, எந்தச் சமூகப் பிரிவினர் எந்தக் கட்சிக்கு வாக்களித்தனர் என்பதை மேடைப் பேச்சுகளையும் நாளிதழ்க் கட்டுரைகளையும் நம்பாமல் எண்களிலிருந்தே சொல்ல வேண்டும் என்பது என் ஆய்வேட்டின் நோக்கம். புள்ளியியலில் எனக்கு ரெக்ரெஷன் (இரண்டு அளவுகளுக்கு இடையிலான தொடர்பை ஒரு கோடாகப் பொருத்திப் பார்க்கும் முறை) வரை பழக்கம் உண்டு.

மூன்று இடங்களில் நின்றுவிட்டேன். முதலாவது, 2001-இல் அ.தி.மு.க. 31.44 சதவீத வாக்குகளுடன் 132 இடங்களைப் பெற்றது, தி.மு.க. 30.92 சதவீத வாக்குகளுடன் 31 இடங்களை மட்டுமே பெற்றது. 2006-இல் அ.தி.மு.க. 32.64 சதவீதம் பெற்றும் 61 இடங்களோடு எதிர்க்கட்சியாயிற்று, 26.46 சதவீதம் பெற்ற தி.மு.க. 96 இடங்களுடன் ஆட்சி அமைத்தது. 'அதிக வாக்கு பெற்றவர் வெற்றி' என்ற நம் தேர்தல் முறையின் இயல்பான கோணல் என்று மட்டும் இதை விளக்கிவிடலாமா? இரண்டாவது, ஒவ்வொரு தொகுதியிலும் பட்டியல் சாதியினரின் விகிதத்தையும் கட்சியின் வாக்கு விகிதத்தையும் ரெக்ரெஷனில் வைத்தால், அச்சமூகத்தினர் எக்கட்சிக்கு வாக்களித்தனர் என்று கூற முடியுமா? மூன்றாவது, வேட்பாளர்கள் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரங்களில் உள்ள சொத்து மதிப்பு இரண்டு தேர்தல்களுக்கிடையில் உயர்வதைக் கொண்டு, பதவியால் ஒருவர் எவ்வளவு பயனடைந்தார் என்று அளப்பது முறையாகுமா?

பதில்: கணக்குப்பிள்ளை

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மற்றவற்றுக்கு என்னைவிடத் தேர்ந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

தேர்தல் முறையின் கோணல் உண்மைதான். 1991-இல் ஏறக்குறைய 22 சதவீத வாக்குகள் பெற்ற தி.மு.க. 2 இடங்களோடு நின்றதும், 1996-இல் 21 சதவீதத்துக்கு மேல் பெற்ற அ.தி.மு.க. 4 இடங்களோடு நின்றதும் அதற்கு நல்ல சான்றுகள். ஆனால் நீங்கள் காட்டிய இரண்டு தேர்தல்களிலும் பெரும்பகுதி விளக்கம் வேறிடத்தில் இருக்கிறது. 2001-இல் அ.தி.மு.க. 141 தொகுதிகளில் போட்டியிட்டது, தி.மு.க. 183 தொகுதிகளில் போட்டியிட்டது. 2006-இல் நிலைமை தலைகீழாகி, தி.மு.க. 132 இடங்களிலும் அ.தி.மு.க. 188 இடங்களிலும் நின்றன. நீங்கள் தந்திருக்கும் சதவீதங்களுக்கோ மாநிலம் முழுவதும் பதிவான மொத்த வாக்குகளே வகுஎண். ஒரு கட்சி வேட்பாளரையே நிறுத்தாத தொகுதியில் அதற்கு வாக்கு விழ வழியில்லை; கூட்டணிக் கட்சிகளுக்குத் தாராளமாக இடம் கொடுத்த கட்சி, காகிதத்தில் மெலிந்து தெரிகிறது.

எல்லாத் தொகுதிகளும் ஒரே அளவு என்று வைத்துக்கொண்டு தோராயமாகக் கணக்கிட்டுப் பாருங்கள். 2001-இல் 31.44-ஐ 234-ஆல் பெருக்கி 141-ஆல் வகுத்தால் அ.தி.மு.க.வுக்கு 52 சதவீதம் வருகிறது, தி.மு.க.வுக்கு அதே கணக்கில் 39 முதல் 40 வரை வருகிறது. அரை சதவீத வேறுபாடு என்று நீங்கள் நினைத்தது, போட்டியிட்ட இடங்களில் பார்த்தால் 12 சதவீதத்துக்கும் மேற்பட்ட வேறுபாடு. 2006-இல் தி.மு.க. 46, 47 என்ற அளவுக்கு ஏறிவிடுகிறது, அ.தி.மு.க. 41-ஐ ஒட்டி நிற்கிறது. தேர்தல் ஆணையத்தின் அறிக்கையிலேயே 'போட்டியிட்ட தொகுதிகளில் பெற்ற வாக்கு சதவீதம்' என்று தனி நெடுவரிசை உண்டு. செய்திகளில் அது அடிபடுவதில்லை என்பதால் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அதையே வலிமையின் அளவுகோலாக எடுத்துக்கொண்டு விடாதீர்கள். 2021-இல் பா.ம.க. அ.தி.மு.க. கூட்டணியில் 23 தொகுதிகளில் நின்று மாநில அளவில் 3.80 சதவீதம் பெற்றது. நாம் தமிழர் கட்சி 234 தொகுதிகளிலும் தனியே நின்று 6.58 சதவீதம் பெற்றது. போட்டியிட்ட இடங்களை மட்டும் கணக்கில் எடுத்தால் பா.ம.க.வின் எண் 38, 39 என்று எகிறிவிடும். நாம் தமிழர் அதே 6.58-இல் இருக்கும். 38 என்பது பா.ம.க.வின் பலமா? அல்ல, அந்த 23 தொகுதிகளில் விழுந்த இரட்டை இலை வாக்குகளும் சேர்ந்த பலம், அதுவும் கட்சிக்குச் செல்வாக்குள்ள வட மாவட்டத் தொகுதிகளாகப் பார்த்து வாங்கிக்கொண்ட இடங்களில். அக்கட்சி ஏறத்தாழ எல்லாத் தொகுதிகளிலும் தனித்து நின்ற 2016-இல் அது பெற்றது 5.3 சதவீதம், வென்ற இடம் ஒன்றுமில்லை. ஆக, ஒரே கட்சிக்கு 3.80, 38, 5.3 என்று மூன்று எண்கள் நம் முன்னால் இருக்கின்றன. மூன்றும் சரியான எண்களே, மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள்.

இன்னொரு சிக்கல் சின்னம். 2021-இல் தி.மு.க.வுக்கு 133 இடங்கள் என்று ஆணையத்தின் அட்டவணை சொல்கிறது. அவற்றுள் 8 பேர் ம.தி.மு.க. முதலான தோழமைக் கட்சிகளைச் சேர்ந்தவர்கள். உதயசூரியன் சின்னத்தில் நின்றதால் தரவில் அவர்கள் தி.மு.க.வினர் ஆகிவிட்டார்கள். ம.தி.மு.க.வைப் பற்றி ஆராயும் ஒருவர் அந்த அட்டவணையை மட்டும் பார்த்தால் அக்கட்சி அத்தேர்தலில் நிற்கவே இல்லை என்று எழுதிவிடக்கூடும். 1989-இல் அ.தி.மு.க. ஜெயலலிதா அணி, ஜானகி அணி என இரண்டாகப் பிரிந்து, இரட்டை இலை முடக்கப்பட்டு, சேவல் சின்னத்திலும் இரட்டைப் புறா சின்னத்திலும் நின்றதை உங்கள் தாளில் எப்படிப் பதிந்திருக்கிறீர்கள் என்றும் ஒருமுறை பாருங்கள். இரண்டையும் ஒரே கட்சியாகக் கூட்டினால் ஒரு வரைபடம் வரும், பிரித்தால் வேறொன்று வரும்.

பெரிய கட்சியைப் பெரிதாகவும் சிறிய கட்சியைச் சிறிதாகவும் எடைபோட்டுக் கட்சிகளின் எண்ணிக்கையை அளக்க லாக்சோ, தாகெபெரா ஆகிய இரு அறிஞர்களும் 1979-இல் தந்த சூத்திரத்தை, அதாவது ஒவ்வொரு கட்சியின் பங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டி அந்தக் கூட்டுத்தொகையால் ஒன்றை வகுப்பதை, நீங்கள் கட்டாயம் பயன்படுத்துவீர்கள். 2021 சட்டமன்ற இடங்களைக் கட்சிவாரியாக எடுத்தால் விடை ஏறக்குறைய 2.4. தி.மு.க. அணி 159, அ.தி.மு.க. அணி 75 என்று கூட்டணிவாரியாக எடுத்தால் 1.8-க்கும் கீழே இறங்கிவிடும். வாக்குகளைக் கட்சிவாரியாக எடுத்தால் 3.8 அளவில் நிற்கும். தமிழகத்தில் இருப்பது இருகட்சி முறையா பலகட்சி முறையா என்று நடக்கும் வாக்குவாதத்தில் பாதி, இந்த மூன்றில் எதை எடுத்தோம் என்று சொல்லாமல் பேசுவதால் வருவது.

அச்சூத்திரத்தின் ஒரு நல்ல குணத்தையும் சொல்லிவிடுகிறேன். 1996-இல் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகம் போல அச்சிட வேண்டியதாயிற்று. அந்த ஒரு தொகுதியே 'தொகுதிக்குச் சராசரியாக எத்தனை வேட்பாளர்' என்ற கணக்கை மாநில அளவில் கெடுத்துவிடும். வர்க்கப்படுத்தும்போது ஓரிரு வாக்கு பெற்றவர்கள் தாமாகவே கரைந்துவிடுவதால் இந்த எண் அசையாது.

பதில்: எதிர்வாதி

கணக்குப்பிள்ளை அவர்கள் சொன்னதில் ஓரிடத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. தனித்து நின்றபோது கிடைத்த 5.3 சதவீதத்தைப் பா.ம.க.வின் சொந்த பலம் என்று படிக்க அவர் இடம் கொடுத்துவிட்டார். வெல்ல வாய்ப்பில்லாத கட்சிக்குப் போடும் வாக்கு வீண் என்று கருதி அக்கட்சியின் ஆதரவாளர்களே இரு பெரிய அணிகளில் ஒன்றுக்கு மாறிவிடுவார்கள் என்று பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் துவெர்ஜே 1951-லேயே எழுதியிருக்கிறார். ஆகவே தனித்து நின்றபோது பெற்ற எண் கீழ்வரம்பு. கூட்டணியில் நின்று போட்டியிட்ட இடங்களில் பெற்ற எண், அந்த இடங்களுக்கு மட்டுமான மேல்வரம்பு. இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும் உண்மையை ஒற்றை எண்ணாகச் சுருக்குவதைவிட, வரம்புகளை அப்படியே அச்சிடுவதுதான் நேர்மை.

கூட்டணியை அலகாக எடுப்பதிலும் இடர் உண்டு. பா.ம.க. 2001-இல் அ.தி.மு.க.வுடனும், 2006-இலும் 2011-இலும் தி.மு.க.வுடனும், 2016-இல் தனித்தும், 2021-இல் மீண்டும் அ.தி.மு.க.வுடனும் நின்றது. இப்படிப்பட்ட வரலாற்றில் 'அ.தி.மு.க. அணி 2001-லிருந்து 2006-க்கு இத்தனை சதவீதம் இழந்தது' என்று எழுதும்போது, இழந்தது யார் என்பதே தெளிவில்லாமல் போகிறது. அணி ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாகக் கட்டப்படுவது. அதன் பெயர் மட்டுமே தொடர்கிறது.

பதில்: சாவடிக்கணக்கு

இரண்டாம் கேள்விக்கு நேரடியான விடை: தொகுதி அளவிலான தரவைக் கொண்டு அப்படிச் சொல்ல முடியாது. கூட்டத்தின் எண்ணிலிருந்து தனிமனிதரின் நடத்தைக்குத் தாவுவது புள்ளியியலில் பெயர் பெற்ற பிழை. 1950-இல் ராபின்சன் இதை அமெரிக்காவின் 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கொண்டு காட்டினார். மாநிலங்களை அலகாக எடுத்தால், வெளிநாட்டில் பிறந்தோர் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவாக இருந்தது. ஒட்டுறவுக் கெழு (இரண்டு அளவுகள் சேர்ந்து ஏறுகின்றனவா, எதிரெதிராகப் போகின்றனவா என்பதை −1 முதல் +1 வரை காட்டும் எண்) ஏறத்தாழ −0.53. தனிமனிதர்களை எடுத்தால் வெளிநாட்டில் பிறந்தோரிடமே எழுத்தறிவின்மை சற்று அதிகம். கெழு ஏறத்தாழ +0.12. குறியே மாறிவிட்டது. காரணம் எளிது: குடியேறியவர்கள் பள்ளிக்கூடங்கள் மிகுந்த மாநிலங்களில் போய்க் குடியமர்ந்தார்கள்.

நம் ஊருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஒரு தொகுதியில் பட்டியல் சாதியினர் 30 சதவீதம், ஒரு கட்சி பெற்றது 40 சதவீதம் என்று வைப்போம். அந்த 30 சதவீதத்தினர் ஒருவர் விடாமல் அக்கட்சிக்குப் போட்டிருந்தாலும் இந்த எண் வரும். ஒருவர்கூடப் போடாமல் மற்றவர்களிடமிருந்தே 40-உம் வந்திருந்தாலும் இந்த எண் வரும். அதாவது பூச்சியம் முதல் நூறு வரை எதுவும் சாத்தியம். தரவு உங்களுக்கு எதையும் சொல்லவில்லை. ரெக்ரெஷன் கோடு அந்த வெற்றிடத்தை ஓர் ஊகத்தால் நிரப்புகிறது: எல்லாத் தொகுதிகளிலும் அச்சமூகத்தினர் ஒரே மாதிரி வாக்களிக்கிறார்கள் என்பது அந்த ஊகம். திருவள்ளூருக்கும் தென்காசிக்கும் அது ஒன்றாக இருக்கும் என்று நம்புவதற்கு ஓர் அடிப்படையும் இல்லை. போதாக்குறைக்கு, 2008 தொகுதி மறுவரையறைக்குப் பிறகு 44 தொகுதிகள் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை அச்சமூகத்தினர் அதிகமுள்ள தொகுதிகள். எந்தக் கூட்டணியில் எந்தக் கட்சிக்கு அவை விடப்படுகின்றன என்பதும் தற்செயலாக நடப்பதன்று. எனவே உங்கள் கோட்டின் வலது முனையில் நிற்கும் புள்ளிகள் மற்றவற்றைப் போன்றவை அல்ல.

வாக்குச்சாவடி அளவுக்கு இறங்கினால் நிலைமை மாறும். ஒரு சாவடியில் 95 சதவீதத்தினர் ஒரே பிரிவினர், கட்சிக்கு விழுந்தது 40 சதவீதம் என்றால், அப்பிரிவினரிடம் அக்கட்சியின் ஆதரவு 36.8-க்கும் 42.1-க்கும் இடையில் இருந்தாக வேண்டும். ரெக்ரெஷன் இல்லாமல் வெறும் கூட்டல் கழித்தலே இதைச் சொல்லிவிடும். தமிழகக் கிராமங்களில் ஊரும் காலனியும் தனித்தனியாக அமைந்திருப்பதும், பல இடங்களில் அவற்றுக்குத் தனித்தனிச் சாவடிகள் இருப்பதும் சமூகத்துக்கு இழுக்கு. ஆனால் அந்த இழுக்கே உங்களைப் போன்ற ஆய்வாளருக்குத் தகவலாக அமைந்துவிடுகிறது. இங்கும் 95 என்பது பட்டியலில் உள்ளவர்களின் விகிதமா, அன்று வந்து வாக்களித்தவர்களின் விகிதமா என்ற கேள்வி இருக்கிறது. வெளியூருக்குப் பிழைக்கப் போனவர்கள் மிகுந்த ஊர்களில் இரண்டும் ஒன்றாகா.

இதற்கான தரவு, தேர்தல் நடத்தும் அலுவலர் தயாரிக்கும் படிவம் 20. சாவடிவாரியாக ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற வாக்குகள் அதில் இருக்கும். மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் பிடிஎஃப் கோப்புகளாகக் கிடைக்கும். இதில் கைவைத்தவர்களுக்குத்தான் அதன் தொல்லை தெரியும். பல கோப்புகள் ஸ்கேன் செய்த படங்கள். எண்களை மென்பொருள் தானாக வாசிக்கும்போது 3-ஐ 8 என்று எடுத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு வரியின் கூட்டுத்தொகையும் அதே வரியில் அச்சான மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்காமல் அடுத்த அடி வைக்கக் கூடாது. அஞ்சல் வாக்குகள் சாவடிகளோடு சேராமல் கடைசியில் ஒரே தொகையாக வரும். படிவத்தில் பெரும்பாலும் சாவடி எண் மட்டுமே இருக்கும்; எந்தத் தெருக்கள் அதில் அடங்கும் என்பதை வாக்குச்சாவடிப் பட்டியலில் போய்ப் பார்த்து இணைக்க வேண்டும். வாக்காளர் எண்ணிக்கை கூடினால் 45 என்பது 45, 45அ என்று பிரியும். அடுத்த தேர்தலில் எண் வரிசையே மாறியும் இருக்கும். இரு தேர்தல்களைச் சாவடி எண்ணை வைத்து அப்படியே ஒட்டிவிட்டால், ஒரு கிராமத்தின் வாக்கை இன்னொரு கிராமத்தின் வாக்கோடு ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுவீர்கள்.

அந்தச் சாவடிப் பட்டியலில் பலரும் கவனிக்காத ஒரு நெடுவரிசை இருக்கிறது: அனைத்து வாக்காளர்களுக்குமான சாவடியா, ஆண்களுக்கு மட்டுமா, பெண்களுக்கு மட்டுமா என்பது. ஒரே ஊருக்கு ஆண்கள் சாவடி ஒன்றும் பெண்கள் சாவடி ஒன்றும் இருக்கும் இடங்களில், பெண்களின் வாக்கு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை ஊகமே இல்லாமல் நேராக எண்ணிவிடலாம். எம்.ஜி.ஆர். காலம் தொட்டு 'தாய்க்குலத்தின் வாக்கு' பற்றி எவ்வளவோ பேசியாகிவிட்டது. அதைச் சோதிக்க இதைவிடச் சுத்தமான தரவு எனக்குத் தெரியாது. உங்கள் ஆய்வேட்டுக்குச் சாதியைவிட இது நல்ல பொருள் என்பது என் தனிப்பட்ட எண்ணம். சாதிவாரி எண்ணிக்கையைப் பொறுத்தவரை, முழுமையாக எடுத்து வெளியிடப்பட்ட கடைசிக் கணக்கெடுப்பு 1931-இல் நடந்தது. 2011 கணக்கெடுப்பு பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எண்ணிக்கையை மட்டுமே கிராமவாரியாகத் தருகிறது. மற்ற சமூகங்களின் தொகுதிவாரி விகிதம் என்று நாளிதழ்களில் வரும் எண்களை ஆய்வேட்டில் சேர்க்காதீர்கள்.

வைகைக்கரை மாணவி

அனைவருக்கும் நன்றி. பெண்கள் சாவடி பற்றிய குறிப்பை என் வழிகாட்டியிடம் எடுத்துச் செல்லப் போகிறேன். மூன்றாம் கேள்விக்கு முன் துணைக்கேள்வி ஒன்று: வெற்றி பெற்றவரின் சொத்து வளர்ச்சியைத் தோற்றவரின் சொத்து வளர்ச்சியோடு ஒப்பிட்டால் போதாதா? பொருளாதாரம் வளர்ந்ததால் வந்த உயர்வு இரு பக்கமும் சமமாக இருக்கும் அல்லவா?

பதில்: ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர்

நீங்கள் போகும் திசை சரியானது. பாதி வழி வந்துவிட்டீர்கள். மீதி வழியைச் சொல்கிறேன்.

வேட்பாளர்கள் தங்கள் சொத்து, கடன், கல்வி, குற்ற வழக்குகள் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற நிலை 2002, 2003 ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளால் வந்தது. ஆகவே உங்கள் 1977 தொடர் இதற்குப் பயன்படாது. தமிழகச் சட்டமன்றத்துக்கு 2006 முதலே தரவு உண்டு. வெற்றி பெற்றவர்களையும் தோற்றவர்களையும் மொத்தமாக ஒப்பிட்டால் வரும் குறை என்னவெனில், இருவரும் தொடக்கத்திலேயே வேறுபட்டவர்கள். 40,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றவரும் அவரிடம் தோற்றவரும் பணத்திலும் செல்வாக்கிலும் வெவ்வேறு தட்டில் இருப்பவர்கள். பதவி கிடைக்காவிட்டாலும் முன்னவரின் சொத்து வேகமாக வளர்ந்திருக்கக்கூடும்.

அதனால்தான் மயிரிழையில் முடிந்த போட்டிகளை மட்டும் எடுப்பது வழக்கம். 2016-இல் ராதாபுரத்தில் 49 வாக்குகளிலும், 2021-இல் தியாகராய நகரில் 137 வாக்குகளிலும் முடிவு தீர்மானமானது. இவ்வளவு குறுகிய இடைவெளியில் யார் வென்றார் என்பது ஏறத்தாழ நாணயத்தைச் சுண்டிப் பார்த்தது போலத்தான்; ஆகவே வென்றவருக்கும் தோற்றவருக்கும் பின்னர் ஏற்படும் வேறுபாட்டைப் பதவியின் விளைவு என்று கொள்ள நியாயம் இருக்கிறது. ஃபிஸ்மன், ஷுல்ஸ், விக் ஆகிய மூவர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியச் சட்டமன்றத் தேர்தல்களில் வென்றவரையும் அவருக்கு அடுத்து வந்தவரையும் ஒப்பிட்டு, வென்றவர்களின் சொத்து ஆண்டுக்கு 3 முதல் 5 சதவீதம் கூடுதலாக வளர்ந்ததாகக் கண்டது. அமைச்சரானவர்களிடம் இந்த வேறுபாடு இன்னும் பெரிதாக இருந்தது.

ஆனால் அந்த ஆய்விலும் தவிர்க்க முடியாத ஒரு வாசல் இருக்கிறது, அதன் வழியே யார் உள்ளே வருகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டாவது பிரமாணப் பத்திரம் கிடைப்பது மீண்டும் போட்டியிட்டவருக்கு மட்டுமே. பதவியில் சேர்த்ததைச் சேர்த்துக்கொண்டு ஒதுங்கியவரும், தோற்றுக் கடனாளியாகி மறுபடி நிற்க முடியாமல் போனவரும் தரவிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். தமிழகத்தில் தொகுதியைக் கூட்டணிக் கட்சிக்கு விட்டுக்கொடுத்ததால் வாய்ப்பு இழந்தவர்கள் வேறு. எஞ்சியவர்களை வைத்துச் செய்யும் ஒப்பீடு எஞ்சியவர்களைப் பற்றியது. எல்லா உறுப்பினர்களையும் பற்றியதாக எழுதக் கூடாது. பத்திரத்தில் உள்ள மதிப்பு அவரவரே அறிவித்தது என்பதையும், ஒரே நிலத்தை ஒருவர் வழிகாட்டி மதிப்பிலும் மற்றொருவர் சந்தை மதிப்பிலும் காட்டக்கூடும் என்பதையும், பூர்வீகச் சொத்து பாகம் பிரிந்து வந்த ஆண்டில் எண் குதிக்கும் என்பதையும் குறிப்பிட்டே ஆக வேண்டும். அசையாச் சொத்தைத் தனியாகவும், வங்கி இருப்பு, நகை, வாகனம் ஆகிய அசையும் சொத்தைத் தனியாகவும் கணக்கிட்டால் இந்தக் கலப்படம் ஓரளவு தெளியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நூறு பேரின் சராசரியாக வரும் ஒரு முடிவைக் கொண்டு குறிப்பிட்ட ஒருவர் மீது விரல் நீட்டக் கூடாது. சராசரி வேறுபாடு 4 சதவீதம் என்றால் அதில் 20 சதவீதம் உயர்ந்தவரும் இருப்பார், சொத்து குறைந்தவரும் இருப்பார். ஆய்வேட்டில் பெயர்களைப் போடாமல் இருப்பது நல்லது.

இன்னும் ஒன்று, உங்கள் முதல் இரண்டு கேள்விகளையும் தொடுவது. 11 தேர்தல்களை 234 தொகுதிகளால் பெருக்கி 2,574 வரிகள் இருப்பதாக மகிழ்ந்து, மென்பொருள் தரும் மிகச் சிறிய திட்டப் பிழையை (மதிப்பீடு எவ்வளவு தவறக்கூடும் என்று காட்டும் எண்ணை) நம்பிவிடாதீர்கள். 1991-இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் வீசிய அலையும், 1996-இல் அதற்கு எதிர்த்திசையில் வீசிய அலையும் மாநிலம் முழுவதையும் ஒரே பக்கம் சாய்த்தன. அத்தகைய தேர்தலில் 234 தொகுதிகள் 234 தனித்தனிச் சாட்சிகள் அல்ல. மாநில அளவில் மாறும் எந்தக் காரணத்தைப் பற்றிப் பேசினாலும் உங்களிடம் இருப்பவை 11 நிகழ்வுகள் மட்டுமே. அதோடு, 2008 மறுவரையறைக்குப் பின் எல்லைகள் மாறிவிட்டன. புரசைவாக்கம், பூங்கா நகர் போன்ற தொகுதிகள் மறைந்தன, பெயர் மாறாத தொகுதிகளிலும் பல கிராமங்கள் இடம் மாறின. 2006-ஐயும் 2011-ஐயும் தொகுதிப் பெயரை வைத்து இணைத்திருந்தால் அந்த இணைப்பை அவிழ்த்துவிடுங்கள்.

பதில்: அவைக்குறிப்பு

நீங்கள் கேட்கவில்லை என்றாலும், அரசியல்வாதிகளை அளப்பது என்றவுடன் பலர் கை வைக்கும் இன்னொரு தரவு உண்டு. அதைப் பற்றியும் எச்சரித்துவிடுகிறேன். அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒவ்வோர் உறுப்பினரும் ஒவ்வொரு மசோதாவுக்கும் எப்படி வாக்களித்தார் என்பதைக் கொண்டு அவரை வலது, இடது என்று ஒரு கோட்டில் நிறுத்தும் முறையைப் பூல், ரோசென்தால் ஆகிய இருவர் 1980களில் உருவாக்கினர். அதை இங்கே செய்து பார்க்கும் ஆசை வரும். 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடாவின் ஆணையை மீறி வாக்களிப்பவர் பதவியையே இழக்க நேரிடும். ஆகவே நம் அவைகளில் வாக்குப்பதிவை ஆராய்ந்தால் உறுப்பினரின் கருத்து தெரியாது, கட்சியின் ஆணை மட்டுமே தெரியும்.

அதற்கு மாற்றாகப் பலர் மக்களவையில் எழுப்பிய கேள்விகளின் எண்ணிக்கையையும் வருகைப் பதிவையும் எடுத்து, 'செயல்படும் உறுப்பினர்' என்று தரவரிசை போடுகிறார்கள். அமைச்சர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவதில்லை, கேள்வி கேட்பதும் இல்லை. அவர்களுக்குப் பூச்சியம் போட்டுச் சராசரி எடுத்த அட்டவணைகளைப் பார்த்திருக்கிறேன். மக்களவையில் நாளொன்றுக்கு அவையில் வாய்மொழியாகப் பதில் தரப்படும் 20 நட்சத்திரக் கேள்விகளும் எழுத்தில் பதில் தரப்படும் 230 நட்சத்திரமில்லாக் கேள்விகளும் மட்டுமே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. எவருடைய கேள்வி முன்னால் வரும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. எனவே எண்ணிக்கையில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. கேள்விகளின் பொருளைப் படித்து வகைப்படுத்துவது உழைப்பு மிகுந்த வேலை; ஆனால் காவிரி பற்றியும் மீனவர் பற்றியும் எக்கட்சியினர் எப்போது கேட்டார்கள், தாங்கள் மத்தியில் கூட்டணியில் இருந்தபோது கேட்டார்களா என்பதை அதிலிருந்து எடுக்கலாம்.

பதில்: கணக்குப்பிள்ளை

எதிர்வாதி அவர்களின் திருத்தத்தை ஏற்கிறேன். வரம்புகளாகவே தருவது நல்லது. மாணவிக்கு ஒரு நடைமுறை யோசனை. உங்கள் எக்செல் தாளில் 'கட்சி' என்ற ஒரே நெடுவரிசைக்குப் பதிலாக, வேட்பாளர் சார்ந்த கட்சி, அவர் நின்ற சின்னம், அந்தத் தேர்தலில் அவருடைய கூட்டணி என்று மூன்றாகப் பிரியுங்கள். முதலாவதும் மூன்றாவதும் ஆணையத்தின் அறிக்கையில் முழுமையாகக் கிடைக்காது. அந்தந்த ஆண்டு நாளிதழ்களின் வேட்பாளர் பட்டியலைப் பார்த்துக் கையால்தான் நிரப்ப வேண்டும். அசோகா பல்கலைக்கழகத்தின் திரிவேதி மையம் தொகுத்து வைத்திருக்கும் தரவை எடுத்துக்கொண்டால் தட்டச்சு வேலை பெரிதும் மிச்சமாகும். கூட்டணி நெடுவரிசையை மட்டும் நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். 2021-இலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். 1989-க்கு வரும்போது அங்கேயே சில நாள் ஆகிவிடும்.